நான் எடுக்கச் சொன்ன மூன்று பக்கங்கள்

டில்லியில் என் கையால் அடி வாங்கினவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் இன்றைக்கும் வழியில் பார்த்தால் 'ராம் ராம் பாவுஜி' என்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அடித்ததற்காக நான் வெட்கப்பட்டது கிடையாது. ஒரே ஒரு ஆளை அடித்ததற்காக மட்டும் வெட்கப்பட்டேன். அவர் என்னைவிட இருபது வயசு சின்னவர், என் ஆபீசில் சம்பளம் வாங்குகிறவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நான் படித்தது நாலாங்கிளாஸ், அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை.

ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பதினாறு வயசில் டிக்கெட் இல்லாமல் ரயிலேறி வந்தவன் நான். மூட்டை தூக்கினேன், பந்தல் கட்டினேன், டீக்கடையில் கிளாஸ் கழுவினேன். கேபிள் டிவி வந்த பிறகுதான் நிமிர்ந்தேன். கிட்வாய் நகர், லக்ஷ்மிபாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஊர்ச் சேனல் பார்க்க ஏங்கிக் கிடந்தார்கள். மொட்டை மாடியில் டிஷ் நட்டு, பிளாக்குக்கு பிளாக் ஒயர் இழுத்து, வீட்டுக்கு வீடு தமிழ் கொடுத்தவன் நான்தான். அந்த ஏரியாவில் வெள்ளிக்கிழமை படம் ஓடினால் அது என் ஒயரில்தான் ஓடியது.

அந்தக் காலத்தில் அந்தத் தொழில் பாதி ஒயர், பாதி அடிதடி. எதிராளி ராத்திரியோடு ராத்திரியாக நம் ஒயரை வெட்டுவான், நாம் காலையில் அவன் டிஷ்ஷைப் பிடுங்கிக் கீழே போடுவோம். ஒருநாள் காலை பட்டப்பகலிலேயே ஒருத்தன் கட்டிங் பிளேயரோடு என் மாடியில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தான். டிஷ்ஷைத் தாங்குகிற இரும்புக் குழாயைக் கழற்றி அவன் முழங்கைக்குக் கீழே ஒரே போடு போட்டேன். எலும்பு முறிந்தால் விறகு உடைகிற சத்தம் கேட்கும் என்பார்கள். பொய். ஈரத்துணியில் சுற்றின ஓடு உடைகிற மாதிரிதான் கேட்கும். அவன் கூட வந்தவன் ஸ்குரூ டிரைவரை என் வயிற்றில் இறக்கினான். அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டே அவனை மூன்று மாடிப் படியும் துரத்தினேன். ஆஸ்பத்திரியில் தையல் போட்டுவிட்டு அன்றைக்குச் சாயங்காலமே போய் அறுந்த ஒயரை ஒட்டினேன். ஒரு வீட்டில்கூட அன்றைக்குப் படம் நிற்கவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கேபிள் போய் இன்டர்நெட் வந்தபோது அதே மாடி, அதே வழி, வேறு ஒயர். எனக்கு ஒரே மகள். டில்லியிலேயே பிறந்து கம்ப்யூட்டர் படித்தாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அவள் கேட்டாள், நான் போட்டேன், கம்பெனி வந்தது. இரண்டு மாடி, முப்பது பேர். ஜன்னலோரத்தில் ஒரு மர நாற்காலி மட்டும் என்னுடையது. மற்ற நாற்காலியெல்லாம் சுழலும்.

நாங்கள் விற்பது ஒரு கருவி. கையில் பிடிக்கிற கருவி இல்லை. இப்போதெல்லாம் புரோகிராமை மனுஷன் மட்டும் எழுதுவதில்லை. ஏஐ ஏஜென்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. வேலையைச் சொன்னால் அதுவே பழைய புரோகிராமைத் திறந்து, வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை எடுத்துப் போடும். ஒரு கம்பெனியின் புரோகிராமெல்லாம் கிடக்கிற இடத்துக்கு ரெப்போ என்று பெயர். கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷமாகப் பலபேர் வந்து போட்ட சாமான் அதில் கிடக்கும். புதிதாக நுழைகிற ஏஜென்டுக்கு எது எதைத் தாங்கி நிற்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று தெரியாது. எங்கள் கருவி முன்னால் போய் அந்தக் கிடங்கை ஸ்கேன் பண்ணி, ஏஜென்ட் படிக்கிற மாதிரி ஒரு வரைபடம் எழுதிக் கொடுக்கும். அவ்வளவுதான். என் மகள் இதை ஒரு மணி நேரம் சொல்லுவாள், நான் அஞ்சு வரியில் சொல்லிவிட்டேன்.

கருவியோடு கூட ஒரு டாக்குமென்ட் போகும். எப்படி ஓட்டுவது, வரைபடத்தில் வருகிற எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், எதை எவ்வளவு நம்பலாம் என்று அதில் எழுதியிருக்கும். அதை வாங்குகிறவனும் படிப்பான், ஏஜென்டும் படிக்கும். அதை எழுதுவதற்கென்றே ஓர் ஆளை வைத்திருந்தோம். அவர் முன்பு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். திருநெல்வேலிக் குடும்பம். டில்லியிலேயே பிறந்தும் அவர் பேச்சில் தாமிரபரணித் தண்ணி வற்றவில்லை. இங்கிலீஷைச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுவார். ஆபீசில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் மட்டும் வாத்தியாரே என்பேன்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. நான் போட்ட வழக்கம். என்ன காகிதம் வெளியே போனாலும் சனிக்கிழமை காலையில் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் வாத்தியார் ஒவ்வொரு பாராவாகப் பார்த்துத் தமிழில் சொல்லுவார். எனக்கு விளங்காதது எதுவும் வெளியே போகாது. அதனால்தான் எங்கள் டாக்குமென்டைப் படித்தவர்கள் குழந்தைக்குக்கூடப் புரியும் என்று எழுதி அனுப்பினார்கள். அந்தப் பாராட்டில் பாதி எனக்குச் சேரவேண்டியது. எத்தனையோ இடத்தில் நான் நிறுத்தி, திருப்பி எழுதச் சொல்லியிருக்கிறேன். கூடவே, பிடிக்காததை எடுக்கவும் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் ரொம்ப நேரம் படித்தார். கடைசியில் மூன்று பக்கம். தலைப்பே 'இந்தக் கருவி பார்க்காத இடங்கள்' என்று வைத்திருந்தார். இன்ன ஃபோல்டருக்குள் போகாது, இன்ன மாதிரி செட்டிங் ஃபைலைத் திறக்காது, ஆகையால் வரைபடத்தில் 'இதை யாரும் கூப்பிடுவதில்லை' என்று வந்தால் அதை மட்டும் நம்பி எதையும் நீக்கக்கூடாது. இப்படியே மூன்று பக்கமும் முடியாது, கூடாது, தெரியாது. எனக்கு எரிச்சல் வந்தது.

"இன்னா வாத்தியாரே, பொண்ணு காட்டுற வூட்ல மொதல்ல மூலவியாதியப் பத்திதான் பேசுவியா?"

"இருந்தா சொல்லித்தான ஆகணும், ஐயா. இது இல்லாம குடுக்கப்பிடாது."

"இன்னின்ன சேனல் வராதுன்னு நான் நோட்டீஸ் அடிச்சி ஒட்டியிருந்தா எவன் என்கிட்ட கனெக்‌ஷன் வாங்கியிருப்பான்? எடு அத்த."

"மூணு பக்கத்தயுமா?"

"மூணையும்."

அதோடு விட்டிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் ஓடாதே, பேசாதே, சிரிக்காதே என்று சொல்லியே பழகின புத்தி உனக்கு, கம்பெனியிலும் அதையே எழுதுகிறாய் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சரிங்க ஐயா என்று எழுந்து போனார். மத்தியானம் நான் ரொட்டி சாப்பிடும்போதே அதை மறந்துவிட்டேன். வாராவாரம் எதையாவது எடுக்கச் சொல்கிறவன் எத்தனையை ஞாபகம் வைத்திருப்பான்?

இரண்டு மாசம் இருக்கும். நகரத்துக்கு வடக்கே ஒரு தொழிற்பேட்டையில் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் மெஷினுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்கிற கம்பெனி ஒன்று எங்கள் கருவியை வாங்கியிருந்தது. ஒருநாள் காலை பத்தரை மணிக்கு அவர்கள் முதலாளி என் மகளுக்கு போன் பண்ணிக் கத்தினார். அவர்கள் பெட்டியை மாட்டின ஒரு பட்டறையில் ஆபரேட்டர் கை போய்விட்டது, உங்கள் கருவியால்தான் போனது என்றார். மகள் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து சொன்னாள். பிரச்சினை என்றால் நான் போனில் பேசுகிறவன் இல்லை. காரை எடுக்கச் சொல்லி நேரே அந்தப் பட்டறைக்குப் போனேன்.

மெஷினை நிறுத்தியிருந்தார்கள். கீழ்த்தட்டில் ரத்தமும் கிரீஸும் கலந்து தார் மாதிரி உறைந்திருந்தது. தரையில் மரத்தூள் கொட்டியிருந்தார்கள். அதுவும் நனைந்து சிவந்திருந்தது. வலது கையில் நாலு விரல். ஒரு டிபன் டப்பாவில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்களாம். டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக் கொடுத்துவிட்டார். அறுந்ததை ஒட்டலாம், நசுங்கினதை எதோடு ஒட்டுவது. பெருவிரல் மட்டும் தட்டுக்கு வெளியே இருந்ததால் தப்பித்தது. ஆளுக்கு முப்பது வயசு, பீகாரிலிருந்து வந்தவன், அந்த மெஷினில் ஆறு வருஷமாக நிற்கிறவன். நான் எத்தனையோ ரத்தம் பார்த்தவன், கொட்டவும் வைத்தவன். அந்தத் தட்டைப் பார்த்ததும் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

நடந்ததை அங்கிருந்த மேஸ்திரி சொன்னார். அந்த மெஷினுக்கு இரண்டு பொத்தான். இடது கையால் ஒன்று, வலது கையால் ஒன்று, இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேல்தட்டு இறங்கும். அப்போது கை உள்ளே இருக்க வழியில்லை. அன்றைக்கு வலது பொத்தான் எண்ணெய்ப் பிசுக்கில் அமுங்கினபடியே மாட்டிக்கொண்டது. அதை அவன் கவனிக்கவில்லை. வலது கையால் தகட்டைச் சரிசெய்துகொண்டே இடது பொத்தானில் கையை வைத்தான். இரண்டும் அமுங்கியிருக்கிறது என்று நினைத்து மெஷின் இறங்கிவிட்டது. ஒரு பொத்தான் இப்படி மாட்டிக்கொண்டால் பழைய பெட்டி அசையவே அசையாது என்றார் மேஸ்திரி. புதுப் பெட்டி மாட்டிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

நான் ஆபீசுக்குத் திரும்பும்போது மகள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பொத்தான் மாட்டிக்கொண்டதா என்று பார்க்கிற ஒரு சோதனை கன்ட்ரோல் பெட்டிக் கம்பெனியின் புரோகிராமில் இருந்தது. அதைக் கூப்பிடுகிற வரி, மெஷினுக்கு மெஷின் மாறுகிற ஒரு செட்டிங் ஃபைலில் இருந்தது. அந்த ஃபைலை எங்கள் கருவி திறப்பதில்லை. ஆகவே 'இந்தச் சோதனையை யாரும் கூப்பிடுவதில்லை' என்று வரைபடம் எழுதிவிட்டது. அந்தக் கம்பெனி தன் ஏஜென்டிடம், சும்மா கிடப்பதையெல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ணு என்று சொல்லியிருக்கிறது. ஏஜென்ட் எங்கள் டாக்குமென்டைப் படித்தது, வரைபடத்தைப் படித்தது, சோதனையை எடுத்துப் போட்டுவிட்டது. செட்டிங் ஃபைலைப் படிக்கிற புரோகிராம் அதைத் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்றால் பேசாமல் அடுத்ததுக்குப் போகும். அப்படித்தான் அவர்கள் எழுதியிருந்தார்கள். பிறகு அவர்களும் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்காமல் பெட்டியை அனுப்பிவிட்டார்கள்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். கருவி அந்த ஃபைலைத் திறக்காது என்று நம் டாக்குமென்டில் இருக்கிறதா? மகள் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, 'இல்லை' என்றாள்.

வாத்தியார் தன் இடத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். போன வேகத்தில் கன்னத்தில் விட்டேன். அறுபத்தேழு வயசுக் கை என்று நினைக்கவேண்டாம், மூட்டை தூக்கின கை. கண்ணாடி தெறித்து, அதன் ஓரம் புருவத்தைக் கிழித்தது. சுவரில் மோதி நின்றார். சட்டையைப் பிடித்து இழுத்து இன்னொன்று. இது வாயில். பல் என் மோதிரத்தில் பட்டதை உணர்ந்தேன். ஒரு மனுஷனுடைய நாலு விரலைத் தின்றுவிட்டாயே, மூணு வேளையும் சம்பளம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுதவேண்டியதை எழுதாமல் விட்டாயே என்று கத்தினேன். அவர் கை ஓங்கவில்லை. வாயிலிருந்து ரத்தத்தைத் துடைத்தபடி ஒன்றுதான் சொன்னார்.

"நான் எழுதினேன்லா, ஐயா."

பொய் வேறு சொல்கிறான் என்று எனக்கு இன்னும் ஏறியது. மகள் நடுவில் புகுந்து என் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். பெற்ற மகள் என்னைத் தள்ளியது அதுதான் முதல் தடவை. போதும் என்பதை ஹிந்தியில் 'பஸ், அப்பா, பஸ்' என்று சொல்லிக்கொண்டே தள்ளிக்கொண்டு போய் என் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். கை போனவனுடைய அண்ணன், கூட எட்டு ஒன்பது பேர். அண்ணன் வெல்டிங் வேலை செய்கிறவன், தோள் இரண்டும் கதவு அகலம். கன்ட்ரோல் பெட்டி முதலாளி தன் தலை தப்பினால் போதும் என்று எங்கள் விலாசத்தை அவர்களிடம் கொடுத்து, இந்தக் கருவிக்காரர்கள் கொடுத்த டாக்குமென்டில் எச்சரிக்கையே இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். கையில் ஆங்கிள் இரும்பு வைத்திருந்தார்கள். கீழ்மாடிக் கண்ணாடிக் கதவு போனது. நாலு கம்ப்யூட்டர் போனது. தடுக்கப் போன ஒரு பையனின் தோளில் போட்டார்கள். பெண்பிள்ளைகள் மேல்மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். நான் படியிறங்கி வந்து குறுக்கே நின்றேன். எனக்கு பயம் கிடையாது. பாவுஜி, எழுதினவன் யார், அவனை மட்டும் கொடு, மற்றவரைத் தொடமாட்டேன் என்றான் அண்ணன்.

வாத்தியார் எனக்குப் பின்னால் படியில் நின்றுகொண்டிருந்தார். புருவத்தில் பிளாஸ்திரி. நான் திரும்பி, கையை நீட்டிக் காட்டினேன். இவன்தான் என்றேன்.

அதை எழுதாமல் விட்டால் இந்த முழுக் கதையும் வீண்.

அவரைப் படியிலிருந்து காலைப் பிடித்து இழுத்தார்கள். தலை ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டே வந்தது. வாசலில் போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் எனக்குத் தெரியும். இரண்டு தடவை கேட்டேன். எழுதின கை எது என்று கேட்டு, அவர் வலது கையைக் கல்லில் வைத்து அண்ணன் இரும்பை ஓங்கினான். என் மகள் எப்போது இறங்கி வந்தாளோ தெரியாது, அந்தக் கைமேல் விழுந்து படுத்துக்கொண்டாள். அண்ணன் ஓங்கின இரும்போடு அப்படியே நின்றான். பிறகு அதைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் அசையவில்லை. தப்புப் பண்ணினவனுக்குத் தண்டனை கிடைத்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து மகள் என் எதிரே லேப்டாப்பை வைத்தாள். டாக்குமென்டும் கருவியும் ஒரே ரெப்போவில்தான் இருக்கின்றன. அதில் யார் எப்போது எதை மாற்றினாலும், ஏன் மாற்றினார் என்று ஒரு வரி எழுதவேண்டும். அது அழியாமல் கிடக்கும். வாத்தியார் எழுதியிருந்த வரியை அவள் இங்கிலீஷில் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள்.

"'கருவி பார்க்காத இடங்கள்' பகுதி, மூணு பக்கம், நீக்கப்பட்டது. சனிக்கிழமை படிக்கும்போது ஐயா சொன்னபடி. இது இருக்கணும்னு நான் சொன்னேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மூலவியாதி என்று சொன்னது, சிரித்த நாலு பேர், அவர் கண்ணாடியைத் துடைத்தது. முதல்நாளே இந்த வரியை எடுத்து அந்த ஆள் என் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கலாம். நான் எழுதினேன்லா என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

போலீசில் இரண்டு புகார். அண்ணன்மேல் நாங்கள் கொடுத்தது ஒன்று. எங்கள்மேல் அவன் கொடுத்தது இன்னொன்று. அவன் புகாரில் வாத்தியார் பெயர்தான் இருந்தது, ஏனென்றால் டாக்குமென்டின் முதல் பக்கத்தில் எழுதியவர் என்று அவர் பெயர்தான் இருந்தது. கட்டிலைவிட்டு எழுந்ததும் விசாரணைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் வக்கீல் வந்தார். படித்த மனுஷன், மெதுவாகப் பேசினார். பெயர் அவருடையது, பழியும் அவருடையதாகவே இருக்கட்டும். ஜாமீன் நாம் எடுப்போம், குடும்பத்தையும் நாம் பார்த்துக்கொள்வோம், கம்பெனி பிழைக்கும். அந்த ஒரு வரி மட்டும் ரெப்போவில் இல்லாமல் இருந்தால் நல்லது, அதை எடுக்க வழியிருக்கிறதா என்று கேட்டார்.

வழி இருக்கிறது என்றாள் மகள். ஆனால் நான் செய்யமாட்டேன், வேறு யாரையும் செய்யவும் விடமாட்டேன். அப்பா சொல்லட்டும் என்றாள்.

நான் ஒருநாள் முழுக்கத் தள்ளிப் போட்டேன். ஒன்றைச் சொல்லியாக வேண்டும், எனக்கு ஜெயில் பயம் இல்லை. கேபிள் காலத்தில் இரண்டு தடவை உள்ளே போய் வந்தவன். எனக்கு பயம் வேறு. ஒன்றுமில்லாமல் வந்து இரண்டு மாடி கட்டினவன், எனக்கு விளங்காதது வெளியே போகாது என்று மார்தட்டினவன். அந்த மார்தட்டல்தான் ஒருவன் கையை நசுக்கியது என்று ஊர் சொல்லுமே என்றுதான் பயம். அதற்காகப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை உள்ளே அனுப்பலாமா என்று அந்த ஒருநாள் நான் யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். யோசித்தேன்.

மறுநாள் மத்தியானம் கை போனவன் வீட்டுக்குத் தனியாகப் போனேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் சாக்கடையோரம் ஒரு சந்து, ஒற்றை அறை வீடு. போலீஸ் பிடித்துப்போன அண்ணன் அதற்குள் ஜாமீனில் வெளியே வந்திருந்தான். வாசலில் கம்பி வெட்டிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அந்த ஆள் எழுதினான், நான்தான் எடுக்கச் சொன்னேன், நீ ஆளை மாற்றி அடித்துவிட்டாய். காட்டிக் கொடுத்ததும் நான்தான்.

அவன் வெட்டிக்கொண்டிருந்த கம்பியை எடுத்து ஓங்கினான். வருகிற அடி எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஐம்பது வருஷப் பழக்கம், என் இடது கை தானாகவே மேலே போனது. அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தால் அவன் கீழே, நான் மேலே. இந்த வயசிலும் என்னால் முடியும். கையை இறக்கினேன். கம்பி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுந்தது. காறை எலும்பு போனது. விழுந்தேன். அடுத்தது முதுகில், அடுத்தது தொடையில். மண்ணில் முகம் புதைந்து, வாயில் சாக்கடை மண். நாலாவது அடிக்கு முன்னால் உள்ளேயிருந்து தம்பி வந்தான். வலது கை முழுக்கக் கட்டு, பெரிய வெள்ளைப் பொட்டலம் மாதிரி. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னான்.

"சோடோ பையா. புட்டா மர் ஜாயேகா."

விடு அண்ணே, கிழவன் செத்துவிடுவான் என்றான். இத்தனை அடியிலும் அந்த ஒரு வார்த்தைதான் அதிகமாக வலித்தது. டில்லியில் என்னை யாரும் அதுவரை கிழவன் என்று சொன்னதில்லை.

தோளில் கட்டோடு ஸ்டேஷனுக்குப் போய், ரெப்போவில் இருந்த அந்த வரியைக் காகிதத்தில் எடுத்துக் கொடுத்து, எடுக்கச் சொன்னது நான் என்று எழுதிக் கொடுத்தேன். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். வாத்தியார் பெயரை அடித்து என் பெயரைப் போட்டார்கள். கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. கன்ட்ரோல் பெட்டி முதலாளியும் அதில் இருக்கிறார். தம்பிக்கு எங்கள் வாசலில் உட்கார்ந்து காவல் பார்க்கிற வேலை ஒன்று தருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். உன் வாசலில் உட்கார்ந்து வருகிறவனுக்கெல்லாம் என் கையைக் காட்டவா என்று கேட்டானாம். சரியான கேள்வி. தரவேண்டியதைக் கோர்ட் சொல்லட்டும் என்றான். கோர்ட் சொல்லும்வரை அவன் வீட்டு அடுப்பு எரிவது என் பொறுப்பு. அதை அவன் அண்ணன் வாங்கிக்கொள்கிறான், என் முகத்தைப் பார்ப்பதில்லை.

வாத்தியார் வீட்டுக்கு நான் போனபோது அவர் கட்டிலில் தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பல் ஒன்று இல்லை. அவர் மனைவி எனக்கு நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே பேசினேன். மன்னிப்பு என்கிற வார்த்தை எனக்கு வாயில் வராத வார்த்தை. அதைச் சுற்றிச் சுற்றி என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வேலைக்கு வாரேன்யா என்றார். அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. அவர் மனைவி வேகமாக உள்ளே போனாள், பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது.

"ஆனா ஒண்ணு. இனிமே படிச்சுக் காட்ட மாட்டேன்."

"நான் மொதலாளி, வாத்தியாரே."

"நீங்க மொதலாளிதான். இல்லங்கல. டாக்குமென்டு எம் பேர்ல போவுதுல்லா."

 தலையாட்டினேன். கீழே இறங்கும்போது காறை எலும்பில் ஒவ்வொரு படியும் குத்தியது.

இப்போது அந்த மூன்று பக்கமும் டாக்குமென்டின் முதலில் இருக்கிறது என்று மகள் சொன்னாள். மூன்று இல்லை, ஐந்தாகிவிட்டதாம். கருவியும் வரைபடம் எழுதும்போது, நான் திறக்காத ஃபைல் இன்னின்னது என்று மேலேயே எழுதி வைக்கும்படி மாற்றியிருக்கிறார்கள். அப்படி எழுதியிருந்தும் இரண்டு கம்பெனிகள் வாங்கின, ஒன்று வேண்டாம் என்று போய்விட்டது. போகட்டும்.

சனிக்கிழமை காலையில் நான் வழக்கம்போல ஆபீசுக்குப் போகிறேன். என் மர நாற்காலியில் உட்காருகிறேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வாத்தியார் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருப்பார். விலா இன்னும் சரியாகவில்லை, அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நின்றுவிட்டு உட்காருவார். டீ வந்தால் எனக்கும் ஒன்று வைப்பார்கள். என் கம்பெனியிலிருந்து என்ன எழுதி வெளியே போகிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லுவார் என்றுதான் நினைக்கிறேன். இதுவரை நான் கேட்கவில்லை.